மிளகாய் எண்ணெய் ரகசியம்

சீனாவின் செங்டூ நகரில் லுவோ கடையின் மிளகாய் எண்ணெய்க்காக வரிசை கட்டிய கூட்டமெல்லாம் இப்போது எதிர்க்கடையில் நின்றது. அங்கேயும் அதே மணம், அதே ருசி.

மானத்தை விட்டு, அந்தக் கடைக்காரி ஃபாங்கிடமே போனான் லுவோ.

“பக்குவத்த உனக்கு வித்தது யாரு? என் தம்பிதானே? காப்புரிமைக்கு மனு போடாதேன்னு அவன் என் கால்ல விழுந்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். இப்போ அவன அடிச்சு வெரட்டிட்டேன். நெசத்தச் சொல்லும்மா, கடையே மூழ்குது!”

“ஐயோ, அவரையா வெரட்டினீங்க?” ஃபாங் செல்போனை நீட்டினாள். “காப்புரிமை ஆபீசுல உங்க மனுவத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே, எல்லா மனுவையும் போடுற மாதிரி, இணையத்துல போட்டுட்டாங்க. எத எவ்வளவு நேரம் வறுக்கணும்ங்கறது வரைக்கும் இருக்கு.”

திரையில் தெரிந்த மனுவில் லுவோவின் பெயர்தான் இருந்தது.

“அப்போ... வித்தது?”

“யாரும் விக்கலண்ணே. நீங்கதான் ஊருக்கே ஓசியில குடுத்தீங்க.”