ஏழாம் நம்பர் ஏன் நின்றது?

"ஏழாம் நம்பர் மெஷின் தினமும் மதியம் ரெண்டு மணிக்கு ஏன் நிக்குது?"

முதலாளி தன் போனை மேனேஜர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

கம்பெனியில் இருக்கும் பன்னிரண்டு சி.என்.சி. கடைசல் மெஷின்களையும் ஒரே சாஃப்ட்வேரில் இணைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று முதலாளி இனி வீட்டு சோபாவில் சாய்ந்தபடியே நோட்டம் விடலாம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

ஏழாம் நம்பருக்கு மட்டும் ஆறு நாளும் ரெண்டிலிருந்து ரெண்டரை வரை ஒரே சிவப்பு.

"உங்க ரூம்லயே இவ்வளவு பெரிய திரை மாட்டியிருக்கு. நீங்க பாக்கலையா?"

மேனேஜர் ஏதோ முனகினார்.

"நிறுத்தினா, ஏன்னு ஒரு பட்டன் அமுக்கணுமே?"

"அமுக்கியிருக்காங்க சார். டூல் மாத்தறது, ரிப்பேர், மெட்டீரியல் வரலை... அதெல்லாம் இல்ல. 'மற்றவை'ன்னு போட்டிருக்காங்க."

"மற்றவைன்னா? அரட்டையா?"

மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்துபோய் ஏழாம் நம்பரை ஓட்டும் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். பதினோரு வருஷ சர்வீஸ்.

"அரை மணி நேரம் மெஷினை நிறுத்திட்டு என்னம்மா பண்றீங்க?" என்றார் முதலாளி.

"சும்மாதான் சார் நிப்பேன். ஆனா டீ டைம்லயும் ஓட்டி, அன்னன்னைக்கு பீஸை முடிச்சுடறேன்."

"அது இருக்கட்டும். ஏன் நிறுத்தினீங்க?"

அக்கா ஒரு நொடி மேனேஜரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் சார்."

"நீங்க என்ன சொல்றீங்க, மேனேஜர்?"

"ஒருத்தரை விட்டா நாளைக்குப் பன்னிரண்டும் சிவப்பாயிடும் சார். வேலை நேரம்னா வேலை பாக்கணும். நாளையிலேருந்து இவங்க வர வேண்டாம்!"

படபடவென்று சொல்லிவிட்டார். எங்கே தன் தலை உருளுமோ என்ற பயம்தான். முதலாளி திருப்தியாகக் கார் ஏறினார்.

வேலைநீக்கக் கடிதத்தை டைப் செய்ய உட்கார்ந்த மேனேஜருக்கு விரல் ஓடவில்லை. நாலு வரியில் மூன்று தப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு பீஸ்கூட வீணாக்காத ஆள் ஆயிற்றே என்று மனசு அரித்தது. அடித்துத் திருத்தி ஒருவழியாகக் கொடுத்தார்.

அக்கா படித்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜருக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஏம்மா, ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறவங்க, இப்படியா வேலையைத் தொலைப்பீங்க? வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லியிருந்தா நானே உங்களுக்காகப் பேசியிருப்பேனே!"

அக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"என் மெஷின் உங்க ரூம் சுவரை ஒட்டி இருக்கு சார். ஓட ஆரம்பிச்சா சுவரே அதிரும். உங்க வீட்டம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்ததுலேருந்து ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு, மதியம் அந்த அரை மணி நேரம்தான் மேஜையில தலை வச்சுத் தூங்குறீங்க. அதை முதலாளி எதிர்ல எப்படி சார் சொல்றது?"