எட்டாம் அத்தியாயம்

தாளாளர் பக்தவச்சலத்தின் மேசைமேல் அந்த நாவல் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடிக்கோடு. அதை எழுதிய தீபலட்சுமி டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

புனைபெயர் போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம் என்று நினைத்தவளை என்ன சொல்ல? ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் ஒருவர், வசதியான வீட்டுப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து இங்கிலீஷ் பள்ளி நடத்தும் கூத்துதான் கதை. அந்த ஒருவர் யாரென்று ஊரில் காக்கை குருவிக்குக்கூடத் தெரியும்.

காலையில் போன் வந்ததும் பதறிப்போய், வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு ஓடி வந்திருந்தாள். அறை வாசலில் புதிதாக ஒரு செருப்பு அலமாரி. அவள் கழற்றியதைப் பியூன் ஜான் பாஷா கையில் எடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டில் வைத்தார். என்றைக்கும் இல்லாத மரியாதை. அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

வேலை போனால் போகட்டும். ஆனால் இன்று அட்மிஷன் நாள். மகள் ஓவியாவின் எல்.கே.ஜி. விண்ணப்பமும் இந்த மனுஷர் கையில்தான் இருக்கிறது. பிள்ளை என்ன பாவம் செய்தது?

"இத எழுதினது நீங்கதான?"

ஆமென்று தலையாட்டினாள்.

பக்தவச்சலம் சிரித்தார். கதையில் வருவது தான்தான் என்று அவருக்குப் புரியவே இல்லை. அந்தத் தாளாளருக்கு என்ன மூளை என்று வியந்தார். அதிலும் எட்டாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தாராம். பெற்றோர் வாசலில் விடும் செருப்பைப் பார்த்தே பிள்ளைகளைப் பிரிக்கும் இடம் அது. தோல் என்றால் ஏ செக்‌ஷன், ரெக்ஸின் என்றால் பி.

"கொழந்தைய கேள்வி கேட்டாதான் கேஸு கீஸுன்னு பேஜாரு, டீச்சர். செருப்பைப் பாத்தா யாரு இன்னா கேக்கப்போறாங்க? இன்னிலேர்ந்து நம்ம ஸ்கூல்லயும் அதான்."

தீபலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்தவள், ஓவியாவின் சீட்டைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பக்தவச்சலம் கதவருகே நின்ற ஜான் பாஷாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்தபடி கீழ்த்தட்டைக் காட்டினார்.

"ரப்பருக்கு சீட் இல்லன்னு நீங்கதான டீச்சர் எழுதியிருக்கீங்க."