ஆயிரத்துக்குக் கீழே

மூன்றாவது செஸ் ஆட்டத்திலும் ராணியைத் தூக்கிக் கொடுத்த பிறகுதான் பஞ்சுவுக்கு மூச்சே வந்தது. எதிரே ஆடிய முகம் தெரியாத ஆள், கிடைத்த வரை லாபம் என்று வெட்டிக்கொண்டு போனான். பஞ்சு உடனே தோல்வியை ஒப்புக்கொண்டு போனைத் திருப்பிக் காட்டினான்.

"தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணு. போதுமா மச்சான்?"

"தாராளம். இனி பைனல்ல ஜெயிச்சாலும் ஆயிரத்தைத் தொடாது மாப்ளே."

மச்சான், இருவரும் வேலை பார்க்கும் சலவை ஆலையில் வேன் ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் ஒரு சட்டம் சொல்வார் என்பதால் அங்கே அவருக்கு வக்கீல் என்று பேர். அவருடைய தங்கச்சி புருஷன் துணி உலர்த்தும் மெஷினில் நிற்பவன். தலையிலும் புருவத்திலும் எந்நேரமும் துணித் தூசி. அதனால் பஞ்சு.

ஆன்லைனில் ஒரு செஸ் கிளப் நடத்தும் போட்டி. ஆயிரத்துக்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்களுக்கு மட்டும், வாரத்துக்கு ஓர் ஆட்டம். சேர்ந்தபோது பஞ்சு எண்ணூற்றுச் சொச்சத்தில் கிடந்தான். ஈரப் போர்வைகளை இழுத்துப் போடுகிற இடைவெளியில் ஆடி ஆடிக் கை தேறிவிட்டது. இன்று காலை பார்த்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. பைனலில் ஜெயித்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஜெயிக்கிறவனுக்குக் கிளப் அணியில் ஓர் இடம். பள்ளிக்கூடத்திலிருந்து இந்த ஆலை வரைக்கும் எந்த அணிக்கும் யாரும் பஞ்சுவைக் கூப்பிட்டதில்லை. வெளியே ஓடின பந்தைப் பொறுக்கிப் போடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"கிளப்புல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மச்சான். விதியை மீறி ஜெயிச்சான்னு பேச்சு வந்துடக் கூடாது."

"கேட்டா? 'நான் எல்லையைத் தாண்டப் போறேன், புடிச்சு வெளியே போடுங்க'ன்னு நீயே கழுத்தை நீட்டுவியா? உன் ராணியை நீ தூக்கிப் போட்டே. அடுத்தவன் வீட்டு ராணியையா இழுத்துட்டு வந்தே?"

பைனல் தொடங்கியது. எதிராளியின் பேருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் பஞ்சு போனை மச்சான் பக்கம் திருப்பினான்.

"மச்சான், இவரு ஆயிரத்து எட்டுல இருக்காரு! ஆட விட்டிருக்காங்களே?"

"ஆட விட்டுத்தான் அறுப்பாங்க. முடிஞ்சதும் ஆளைத் தூக்கிடுவாங்க பாரு. நீ உன் ஆட்டத்தைப் பாரு."

எதிராளி லேசுப்பட்ட ஆள் இல்லை. பஞ்சுவின் யானை ஒன்று போனது, கூடவே இரண்டு சிப்பாய்கள். நேரமும் கரைந்துகொண்டே வந்தது. நெற்றி வியர்வை திரையில் சொட்ட, கட்டை விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்தால் விரல் நிறையத் தூசி ஒட்டியது.

அந்த நேரம் பார்த்து மெஷின் கத்த ஆரம்பித்தது.

"கதவைத் திற மச்சான், துணி கருகிடும்!"

"துணியை நான் பார்க்கறேன், நீ கருகாம இரு!" வக்கீல் ஓடிப்போய்க் கைப்பிடியை வெறுங்கையால் இழுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பஞ்சு குதிரையைத் தூக்கி எதிராளி ராஜாவின் மூக்குக்கு முன்னால் வைத்தான். எதிராளி அதை வெட்ட, அவனுடைய ராஜாவுக்குக் காவல் விலகியது. மீதி இருந்த யானை நேராக இறங்கியது.

செக்மேட். துணி மடிக்கும் மேசையில் நின்ற பெண்கள் போர்வையை அப்படியே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். வக்கீல் மாப்பிள்ளையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. போட்டியை நடத்துகிற அம்மா. பஞ்சு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"வாழ்த்துகள் தம்பி. அந்தக் குதிரையை நான் எதிர்பார்க்கவே இல்ல."

"ரொம்ப நன்றிங்க மேடம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பைனலுக்கு முன்னாடி, போட்டியில சேராத மூணு ஆட்டம் ஆடியிருக்கீங்க. மூணுலயும் ராணியைச் சும்மா குடுத்திருக்கீங்க. குழந்தைங்க யாராச்சும் போனை எடுத்து விளையாடிட்டாங்களா?"

வக்கீல் தலையை வேகமாக ஆட்டினார். ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு என்று உதடு அசைந்தது.

பஞ்சு அவரை முறைத்தான். இவ்வளவு பாடுபட்டு ஒழுங்காக ஜெயித்துவிட்டுப் பொய் எதற்கு?

"இல்லங்க மேடம், நான்தான் ஆடினேன்," என்றான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஆயிரத்தைத் தாண்டிட்டா உங்க விதியை மீறின மாதிரி ஆயிடும்ல? அதான், வேணும்னே தோத்து இறக்கிக்கிட்டேன்."

கை தட்டிய பெண்கள் போட்ட போர்வைகளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"சேர்ற அன்னைக்கு ஆயிரத்துக்குக் கீழே இருந்தாப் போதும் தம்பி. நடுவுல எவ்வளவு வளர்ந்தாலும் முடியற வரைக்கும் ஆடலாம்." அந்த அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

பஞ்சு மச்சானைப் பார்த்தான். மச்சான் சுட்டுக்கொண்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னே தோக்கறவங்களைத்தான் வெளியே அனுப்புவோம்."