குலுக்கல் முடிந்த மதியம்

வாசல் வெயில் ரூமின் படியைத் தொட்டதும் முத்துப்பேச்சி அறிவித்தாள், கேரளாவில் லாட்டரிக் குலுக்கல் முடிந்திருக்கும் என்று.

அந்த நிமிஷத்திலிருந்து ரூமில் இருந்த மூன்று பெண்களும் கோடீஸ்வரிகள்.

இல்லையென்று சொல்ல அங்கே ஆளில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. காலையில் கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கி வைத்துவிடுவார். இன்றைக்கு முத்துப்பேச்சி காதிலிருந்து போனை எடுக்காமல் நின்று அவரிடம் ஏச்சு வாங்கினாள். ஓணம் பம்பர் யாருக்கு விழுந்தது என்று வெளியே விஸ்வநத்தம் ஊருக்கே தெரிந்தாலும், சாயங்காலம் வெளியே போகும்வரை இந்த ரூமுக்குச் சேதி வராது.

டிக்கெட்டில் மூவருக்கும் பங்கு. முத்துப்பேச்சியின் கொழுந்தன் புனலூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போகிறவன். அவன் வாங்கி வைப்பதாக ஏற்பாடு.

லேபிள் ஒட்டிக்கொண்டே சொர்ணலட்சுமி செலவைத் தொடங்கினாள். சிவகாசியிலேயே பெரிய நகைக்கடைக்குப் போவாளாம். ஏசிக்கு நேராக உட்கார்ந்து, கலர் வாங்கிக் குடித்து, கடையில் உள்ள ஆரம் அத்தனையையும் எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து வந்துவிடுவாளாம். அரைப் பவுன் தோடு கேட்டுப் போன அன்று அந்தக் கடையில் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

முத்துப்பேச்சி கம்பெனியையே விலைக்கு வாங்கினாள். போர்மேன் தங்கப்பாண்டியனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அவளுக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது. தினமும் ரூம் ரூமாக வந்து, யாருக்காவது இடுப்பு வலிக்கிறதா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போகும் வேலையைக் கொடுத்தாள்.

பாண்டிமீனாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வற்புறுத்திய பிறகு சொன்னாள். அலுமினியப் பவுடர் அவள் கைரேகைக்குள் ஏறிக் கிடக்கிறது, எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. வீட்டில்கூட ஸ்பூனால்தான் சாப்பிடுகிறாள். வேலையை விட்டு, கை வெளுத்த பிறகு, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து மகளுக்கு ஊட்ட வேண்டும்.

இவ்வளவு பெரிய பணத்துக்கு இதுதானா செலவு என்று சொர்ணலட்சுமி தலையில் அடித்துக்கொள்ளப் போனவள், தன் கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் தங்கப்பாண்டியன் வந்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். புதிதாகக் கலந்த வெடிமருந்து.

காலையில் கலந்த மருந்தை வெயில் ஏறுமுன் காகிதக் குழாய்களில் செலுத்தி முடித்துவிட வேண்டும். அதன்பிறகு சூட்டில் லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும், தொடக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், போர்மேனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது வெயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போன சீசனில் பாண்டிமீனாவின் அக்கா வேறொரு கம்பெனியில் இப்படித்தான் ஒரு மத்தியானத் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியாகப் பார்க்க முகம்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகும் இங்கே நீட்டிய தட்டையெல்லாம் பாண்டிமீனா வாங்கத்தான் செய்தாள். மறுத்தால் மறுநாள் வேலை இருக்காது.

இன்றும் பழக்கத்தில் அவள் கை நீண்டது. முத்துப்பேச்சி அதைத் தட்டிவிட்டாள்.

"கொண்டுபோங்க அண்ணாச்சி. இந்த வெயில்ல நாங்க தொட மாட்டோம்."

தொடாதவர்கள் நாளைக்கு வர வேண்டியதில்லை என்றார் தங்கப்பாண்டியன். எந்த ரூமையும் அடக்கிவிடுகிற வார்த்தை அது. சொர்ணலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்டாள். பாண்டிமீனாவும் சிரித்தாள். அக்கா போன பிறகு இந்த ரூமில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

போர்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றி வேர்வை தட்டில் சொட்டிவிடுமோ என்று முகத்தை ஒதுக்கிக்கொண்டு, வந்ததைவிட மெதுவாகத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் சொர்ணலட்சுமி, டிக்கெட் நம்பரைச் சொல்லச் சொல்லி முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முத்துப்பேச்சி தன் போனில் எதையோ தேடி, சத்தத்தைக் கூட்டி நீட்டினாள். கொழுந்தன் பேசி அனுப்பியிருந்த குரல் கேட்டது.

"மதினி, டிக்கெட் அம்புட்டும் வித்துப்போச்சாம். கெடைக்கல. துட்டைத் திருப்பித் தந்துருதேன்."

காலையில், கேட்டுக்குள் நுழையுமுன் வந்த சேதி. வாட்ச்மேனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டது இதைத்தான்.

சொர்ணலட்சுமி வாயில் வந்தபடியெல்லாம் வைதாள். நாளைக்கு வேலைக்கு எங்கே போவது என்று அழுகிற குரலில் கேட்டாள். பாண்டிமீனாவும் வைய நினைத்தாள், வரவில்லை. டிக்கெட்டே இல்லையென்று தெரிந்துகொண்டுதான் முத்துப்பேச்சி அவள் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

கம்பெனி பஸ் கிளம்புகிற நேரம் தங்கப்பாண்டியன் வேகவேகமாக வந்தார். சீசனில் ஆள் எங்கே கிடைக்கும்? பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன வந்துவிடுங்கள் என்றார். பிறகு ஆற்றமாட்டாமல் கேட்டார்.

"என்ன, லாட்டரி கீட்டரி அடிச்சிருச்சா?"

முத்துப்பேச்சி வாயைத் திறக்குமுன் ஜன்னலோரம் இருந்த பாண்டிமீனா பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் போர்மேனிடம் சரி என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. நாளைக்கு வாரோம். மத்தியானம் தட்டைத் தூக்கிட்டு வராதீக."