குண்டூசி முனையில்

ஜோர்டானின் அம்மான் நகரில், ஒரு மேட்டுச் சாலையில் நடுப்பகல். மாப்பிள்ளை வீட்டார் மேலே காத்திருக்க, சைடுகாரில் மணப்பெண்ணாக என் தங்கை லமீஸ். அப்பா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்த பழைய பைக் மூன்றாம் முறையாக நின்றுவிட்டது. எஞ்சின் அனலாய்க் கொதிக்கிறது. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் கிரிகோர் எதையும் கழற்றவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியை மட்டும் மெல்லத் திருகுகிறார். முங்கி எழுந்தவனைப் போல நீளமாக மூச்சை உள்ளிழுக்கிறது டேங்க். கிரிகோர் அப்பா பக்கம் திரும்புகிறார். “மூடியில என்னப்பா பூசுன?” “மெழுகு, மேஸ்திரி. கல்யாணமாச்சேன்னு பளபளன்னு தேய்ச்சேன்” என்கிறார் அப்பா. “காத்து போற ஓட்டையையே அடைச்சிட்டியே! காத்து போனாத்தானே பெட்ரோல் இறங்கும்? வயித்தக் காயப்போட்டு மேடு ஏறச் சொன்னா, கொதிக்காம என்ன செய்யும்?” லமீஸ் தன் முக்காட்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவி நீட்டுகிறாள். கிரிகோர் அதைத் துளையில் விட்டு எடுக்கிறார். முனையில் கடுகளவுகூட இல்லாத மெழுகு வெயிலில் மினுங்குகிறது. அப்பாவும் லமீஸும் நானும் குனிந்து அதையே பார்க்கிறோம்.