செங்கமலத்தின் அனுபவம்

இருபது வருடம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த செங்கமலம் வேலையை விட்ட அன்று, விதிப்படி, அங்கே கற்ற வைத்தியத்தையெல்லாம் அவள் தலையிலிருந்து எடுத்து மருத்துவமனைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதம் மகளுக்கு வலிப்பு வந்தது. செங்கமலத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கணவன் பொன்னுரங்கம் பதறிப்போய் அந்த மருத்துவமனைக்கே போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான்.

“பயப்படாத கண்ணு. பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் வைக்காத,” என்றது கணினிக் குரல்.

அப்படியே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது.

செங்கமலம் அழுதபடி கேட்டாள்: “இவ்வளவும் உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?”

“எங்க மருத்துவமனையோட அனுபவம், கண்ணு.”

அந்த மருத்துவமனையில் நோயாளிகளைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டவள் செங்கமலம் ஒருத்திதான். அது தெரிந்த பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.