சின்னத் தட்டு

"அண்ணி, யாரோட தட்டு இது?"

ஊரிலிருந்து வந்த மகள் பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. கேட்ட தொனியே சரியில்லை.

சாப்பாட்டு மேசையில் அப்பா. அவர் முன்னால் கைக்குழந்தைக்கு ஊட்டுகிற அளவில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரே ஒரு கரண்டி சாதம், ஓரத்தில் கொஞ்சம் காய்.

"மாமாவோடதுதான்" என்றாள் அண்ணி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உடம்பு. அம்மா இறந்துபோன இந்தச் சில மாதங்களில் பாதியாகியிருந்தது. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும்.

மேசையின் மறுகோடியில் அண்ணன் வெள்ளரிக்காய் மென்றுகொண்டிருந்தான். டாக்டர் அவன் தொப்பையைப் பார்த்துத் திட்டியதிலிருந்து அவனுக்குச் சின்னத் தட்டு, சின்னக் கரண்டி, நிதானமாக மெல்ல வேண்டும், டிவி கூடாது.

"இந்த வீட்டுல இப்ப எல்லாமே அளவுதான்" என்று அங்கலாய்த்தான்.

"தொப்பை உனக்கு, பத்தியம் அப்பாவுக்கா?"

அண்ணன் அவசரமாக இன்னொரு வெள்ளரித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"அதில்லம்மா, மாமா வந்து..." அண்ணி ஆரம்பித்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணி! அப்பா சாப்பிடுறப்போ அம்மா கரண்டியைக் கீழ வச்சு நான் பாத்ததே இல்ல. இப்போ அளந்து ஒரு கரண்டி! பெத்த அப்பாவா இருந்தா இப்படி வைப்பீங்களா?"

அண்ணியின் முகம் வாடிவிட்டது. "சரி, நீயே பரிமாறு" என்று கரண்டியை நீட்டினாள்.

மகள் பரணிலிருந்து அப்பாவின் பழைய பெரிய தட்டை இறக்கினாள். கழுவித் துடைத்து, சாதம், காய், குழம்பு என்று கைக்கு வந்ததையெல்லாம் குவித்து அவர் முன்னால் வைத்தாள்.

"வயிறார சாப்பிடுங்கப்பா."

அப்பா தட்டைப் பார்த்தார். நாலு வாய் சாப்பிட்டார். எழுந்துவிட்டார்.

"போதும்மா."

"பாத்தீங்களா? அரை வயித்துக்குப் போட்டே குடலைச் சுருங்க வச்சிட்டீங்க!"

அண்ணி தட்டை எடுத்தாள். மீந்த சாதத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் மதியம். போன் பேசிவிட்டு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேசையில் மறுபடியும் அதே சின்னத் தட்டு. சண்டைக்குத் தயாராகி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

தட்டு காலியாகியிருந்தது. ஆனால் அப்பா எழவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கரண்டியோடு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?"

"வேண்டாம்மா."

"கொஞ்சூண்டு."

"சரி... கொஞ்சூண்டு."

போட்டுவிட்டு உள்ளே போனாள். தட்டு காலியானது. அப்பாவின் பார்வை மறுபடி சமையலறைக்குப் போனது. அண்ணி மறுபடி வந்தாள். அதே கேள்வி, அதே வேண்டாம், அதே கொஞ்சூண்டு. பாத்திரத்தை மேசையில் கொண்டுவந்து வைத்தால் அத்தனை நடையும் மிச்சம். அவளோ வைக்கவே இல்லை. அண்ணி போட்டுக்கொண்டே இருந்தாள், அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

அந்தக் 'கொஞ்சூண்டு' மகளை என்னவோ செய்தது. அம்மாவை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் வச்சப்போ ஏன்ப்பா சாப்பிடல?"

அப்பா கூச்சத்தோடு காலித் தட்டைத் தடவினார்.

"நீ ஆசையாத்தான் வச்சே கண்ணு. ஆனா எல்லாத்தையும் ஒரே தடவையில வச்சிட்டா, அப்புறம் 'இன்னும் கொஞ்சம்'னு கேட்டு யாரும் வர மாட்டாங்களேம்மா."